பஸ்ஸில் வந்திறங்கிய இஞ்சி

இஞ்சி என்கிற சொல் நெடுவிளைச் சந்தைக்கு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பதே கால் மணி மலையோர பஸ்ஸின் பின்வாசல் வழியாக, இரண்டு வாழைத்தாருக்கும் ஒரு கோழிக்கூடைக்கும் நடுவில் இடிபட்டு இறங்கியது. அதற்கு ஆள் டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று கண்டக்டர் மூன்று நிறுத்தம் வரைக்கும் யோசித்துவிட்டு, சொற்கள் பயணம் செய்வது பற்றி மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை எதுவும் வரவில்லையே என்று லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்திருந்தான்.

பார்வைக்கு வயசாளி. உடம்பெல்லாம் கணுக்கணுவாக, நிமிர வேண்டிய இடத்தில் வளைந்து, வளைய வேண்டிய இடத்தில் புடைத்து, தோளில் ஒரு விரல், விலாவில் இரண்டு விரல், முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு விரல், முதுகில் மூன்று விரல் என்று விரல்கள் நினைத்த இடத்தில் முளைத்து, மெலிசான தோல் உரிந்து, இடுக்குகளில் ஈரமண் ஒட்டியபடி அது நடந்து வந்தது. யாரும் யாருக்கும் அதை அறிமுகம் செய்து வைக்கவில்லை. கல்யாண வீட்டில் முன்பின் பார்த்திராத சித்தப்பாவை மூக்கை வைத்தே கண்டுபிடிப்பதுபோல எல்லாரும் கண்டுகொண்டார்கள். மூட்டையில் கிடந்தது சரக்கு, நடந்து வந்தது சொல். இந்த வித்தியாசம் அன்றைக்கு நெடுவிளையில் எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது. பிற்பாடு அது படித்தவர்களுக்குத்தான் குழம்பிப்போனது.

சந்தையின் தெற்கு மூலைக்கு, கருவாட்டுக் கடைகளுக்கும் சாக்கடைக்கும் நடுவே இரண்டு சாக்கு விரிக்கிற அளவு இருந்த இடத்துக்கு, அது நேராக வந்தது. அந்த இடம் செல்லபாயுடையது. செல்லபாய் இருபத்திரண்டு வருஷமாக அங்கே குத்தவைத்து இஞ்சி விற்கிறவள், விதவை, பிள்ளை இல்லாதவள், வெயிலுக்குத் தலையில் துண்டும் மழைக்குப் பிளாஸ்டிக் தாளும் தவிர வேறு கூரை அறியாதவள். ஒரு கூரைக் கடை வேண்டும் என்று பஞ்சாயத்துக்கு ஏழு மனு எழுதிப் போட்டிருந்தாள். ஏழுக்கும் பதில் இல்லை. முழங்கால் முட்டு இரண்டும் தேய்ந்துபோனாலும் நாக்கு மட்டும் அப்படியே இருந்தது. நெடுவிளையில் ஒரு பழக்கம் உண்டு. இஞ்சி வாங்க வருகிறவன் முதலில் ஒரு விரலை ஒடித்து மூக்கில் வைத்துப் பார்ப்பான், ஒடித்த விரல் அவனுக்கு. ஒடித்துவிட்டு வாங்குகிறவனை அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒடித்துவிட்டு வாங்காமல் நடையைக் கட்டுகிறவனுக்கு அவனுடைய பாட்டன் காலத்திலிருந்து வரிசையாகக் கிடைக்கும்.

"மக்களே, இங்க கொஞ்சம் இருக்கட்டா?" என்று மகளைக் கூப்பிடுவதுபோலக் கேட்டது சொல்.

"இருக்கதுக்கு எவங்கிட்ட கேக்கணும் பாட்டா? சந்தக் குத்தகைக்காரனுக்க அப்பன் வீட்டு மண்ணா இது? இரியும்" என்று ஒரு சாக்கை நனைத்து விரித்துக் கொடுத்தாள் செல்லபாய்.

உட்கார்ந்ததும் அது விட்ட மூச்சில் கருவாட்டு வாடை ஒரு நிமிஷம் அடங்கிப்போனது. எங்கிருந்து வருகிறீர் என்று அவள் கேட்டாள். எங்கே போகவில்லை என்று கேள் என்றது அது. பிறகு கூட்டம் குறைந்த மத்தியான வேளைகளில், நாளுக்குக் கொஞ்சமாக, தான் போன ஊர்களைச் சொல்லிக்கொண்டே வந்தது.

"வடக்க போனேன், சிருங்கவேரம்னு விளிச்சானுவ. எனக்க ஒடம்புல கொம்பு இருக்காம். யவனன் கப்பல்ல ஏத்திக் கொண்டுபோயி ஜிங்கிபெரிஸ்னான். அரபிக்காரன் ஸஞ்சபீல்னு விளிச்சான், அந்த விளி கேக்க நல்லாத்தான் இருந்தது. போர்த்துகீசியன் மூக்கால விளிச்சான். இங்கிலீசுக்காரன் ஜிஞ்சர்னு விளிச்சு ரொட்டிக்குள்ள வச்சுச் சுட்டான். எல்லாவனும் விளிச்சானுவ மக்களே. ஒருத்தனும் இருன்னு சொல்லல்ல."

செல்லபாய்க்கு அதைக் கேட்டு இரக்கமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் எதிர்க்கடைக்காரனை எதற்கோ திட்டினாள்.

நெடுவிளை அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், தன் வீட்டு வாசலில் நின்றுபோன லாரியை ஏற்றுக்கொள்வதுபோல, முதல் நாள் முறைத்துப் பார்த்து, இரண்டாம் நாள் சுற்றிக்கொண்டு போய், மூன்றாம் நாள் அதில் துணி காயப்போட்டு ஏற்றுக்கொண்டது. வயிறு ஊதிய குழந்தைகளைத் தூக்கி வந்தார்கள். சொல் குனிந்து காதில் தன் பெயரை ஒருமுறை சொன்னால் போதும், காற்று பிரிந்து குழந்தை சிரித்துவிடும். மசக்கைக்காரிகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். பங்குச்சாமியார் வந்து, ஞானஸ்நானம் ஆன சொல்தானா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் இருமலுக்கு மருந்து கேட்டார். பள்ளிவாசலிலிருந்து தூக்கில் கஞ்சி வந்தது. அம்மன்கோவில் சப்பரம் அந்த மூலையில் அரை நிமிஷம் கூடுதலாக நின்றது. விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டு வந்த போலீஸ்காரர், அது சொன்ன ஊர்களை எழுதி எழுதித் தாள் தீர்ந்துபோய், 'உள்ளூர்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதோடு எல்லாம் நல்லபடியாகவே முடிந்திருக்கும், நெடுவிளையில் படித்தவர்கள் இல்லாமலிருந்தால்.

முனைவர் பொன்னுலிங்கம் ஓய்வுபெற்ற பேராசிரியர். நெடுவிளைச் சொல்லாய்வுப் பேரவையின் நிறுவனர் அவர், தலைவர் அவர், செயலாளரும் அவர். உறுப்பினர் அவருடைய மைத்துனர். வாழ்நாளில் பன்னிரண்டு பொன்னாடை வாங்கியிருந்தார், அதில் ஒன்பது அவரே ஏற்பாடு செய்த கூட்டங்களில். ஒரு சொல் காலும் கையுமாகத் தன் ஊர்ச் சந்தையில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் குளிக்காமல்கூட ஓடிவந்தார். வந்தவர் அதனிடம் ஒரு வார்த்தை நலம் விசாரிக்கவில்லை. நாடாவை எடுத்து அளந்தார்.

"பிறப்பிடம் எது என்று நிறுவ வேண்டும்" என்றார்.

"அதுங்கிட்டயே கேளுங்க சாரே, வாயி இருக்குல்லா" என்றாள் செல்லபாய்.

"அதற்கு என்ன தெரியும்? அது சொல். ஆய்வு செய்கிறவன் நான்."

அவர் எழுதிய கடிதங்கள் போய்ச் சேர்ந்த இடங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். உடம்பில் கொம்பு இருப்பதால் தங்கள் மொழிதான் என்று ஒரு சமஸ்கிருதப் பண்டிதர் வந்தார். அரபுக் கல்லூரியிலிருந்து ஓர் உஸ்தாத் வந்தார். இரண்டு செத்த மொழிகள் மட்டுமே சரளமாகப் பேசுகிற, ஒரு சாயா கேட்டு வாங்கத் தெரியாத வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். கேரளத்திலிருந்து மலையாள வாத்தியார் ஒருவர், எல்லாரும் மாஷ் என்று கூப்பிடுகிறவர், வந்தார். அந்த மாஷும் இஞ்சி என்றுதான் சொன்னார், பொன்னுலிங்கமும் இஞ்சி என்றுதான் சொன்னார். ஒரே பெயரை ஒரே மாதிரி சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் சந்தை நடுவில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். மீன்காரிகள்தான் விலக்கிவிட வேண்டியிருந்தது.

இத்தனை படித்தவர்கள் கூடினால் என்ன செய்வார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் செய்தது சந்தைப் பழக்கம். பொன்னுலிங்கம்தான் வழி காட்டினார்: எங்கள் ஊரில் ஒடித்து முகர்ந்துதான் முடிவு செய்வோம், ஆளுக்கொரு விரல் ஒடித்துக்கொள்ளுங்கள். பண்டிதர் தோளில் இருந்த விரலை ஒடித்து முகர்ந்து, ஆகா, எங்களுடையதே என்றார். உஸ்தாத் விலாவில் ஒன்றை ஒடித்து, சந்தேகமே இல்லை என்றார். வெள்ளைக்காரர் இரண்டை ஒடித்து, ஒன்றை கிரேக்கத்துக்கும் ஒன்றை லத்தீனுக்கும் என்று தனித்தனி உறையில் போட்டார். ஒடித்த இடங்களிலெல்லாம் நீர் கசிந்தது. பச்சை இஞ்சியின் மணம் சந்தை முழுக்க எழுந்தது. ஒருத்தரும் வாங்கவில்லை, ஒருத்தரும் விலை கேட்கவில்லை. செல்லபாய் எழுந்து நின்று அத்தனை பேருடைய வம்சத்தையும் அவரவருக்குப் புரிகிற மொழியில் ஏசினாள்.

"விடு மக்களே, இந்த ஊருப் பழக்கம்தானே" என்றது சொல்.

மறுநாள் மத்தியானம் அவள் வழக்கம்போல ஊர்க்கதை கேட்டாள். சொல் ஆரம்பித்தது. "வடக்க போனேன், வடக்க என்னய..." என்று நின்றது. நெற்றியைத் தடவியது. "வடக்க என்னய எப்படி விளிச்சானுவ, மக்களே?"

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. ஒரு விரல் போனால் ஒரு பெயர் போய்விடும். கடல் தாண்டிய கதையைக் கேட்டாள். கடல் இருந்தது, கப்பல் இருந்தது, அங்கே கூப்பிட்ட பெயர் இல்லை. யார் யாரெல்லாமோ வந்து ஒடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். போர்த்துகீசிய விரலை ஒரு பாதிரியார் கொண்டுபோனார். இங்கிலீஷ் விரலை ஒரு கான்வென்ட் பள்ளி கண்காட்சிக்கு வாங்கிப் போய்த் திருப்பித் தரவே இல்லை. கடைசியில் ஒரே ஒரு விரல்தான் மிச்சம். அதைத்தான் மாஷும் பொன்னுலிங்கமும் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். "அது ரெண்டு வெரலு இல்ல மக்களே, ஒண்ணுதான்" என்று சொல் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது. யார் கேட்டார்கள்?

பிறப்பிடப் பிரகடன விழா என்று பொன்னுலிங்கம் நோட்டீஸ் அடித்தார். சொல்லை மேடைக்குக் கொண்டுபோக, அது குடியிருக்கிற இடத்துக்காரியின் சம்மதம் வேண்டும் என்று பஞ்சாயத்தில் யாரோ சட்டம் பேசிவிட்டார்கள். பொன்னுலிங்கம் ஒரு தாளும் ஒரு சாவியும் எடுத்துக்கொண்டு தெற்கு மூலைக்கு வந்தார்.

"செல்லபாய், புதுசாக் கட்டின சந்தைக் கட்டடத்துல ஒண்ணாம் நம்பர் கடை. கான்கிரீட் கூரை, இரும்பு ஷட்டர். உனக்குத்தான். இதுல ஒரு கையெழுத்துப் போடு. போடாட்டாலும் ஒண்ணும் இல்ல. இந்த மூலையில எப்படியும் நினைவுத்தூண் வருது, நீ எழும்ப வேண்டியதுதான்."

செல்லபாய் நல்லவள், வாயாடி, ஆனால் கல் அல்ல. இருபத்திரண்டு மழைக்காலம் அவள் முட்டுக்குள் இருந்தது. ஏழு மனுவுக்கும் வராத பதில் ஒரு சாவியாகக் கண்முன்னால் ஆடியது. மத்தியானம் முழுக்க தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொல்லின் முகத்தைப் பார்க்காமல், "பாட்டா, மேடைக்குப் போறீரா?" என்று கேட்டாள்.

"உனக்க முட்டு வலிக்குல்லா மக்களே. போறேன்."

அந்தப் பதில் வந்திராவிட்டால் அவள் கையெழுத்துப் போடாமல்கூட இருந்திருக்கலாம். வந்துவிட்டதால் வெட்கமாகப் போயிற்று, வெட்கத்தை முடிக்க அவசரமாகப் போட்டுவிட்டாள்.

விழா சமுதாய நலக்கூடத்தில், காலை பத்து மணிக்கு. ஊரே வந்திருந்தது, மத்தியானம் பிரியாணி என்று நோட்டீஸில் இருந்ததால். மேடையில் பதினொரு நாற்காலி, பதினொன்றிலும் மனிதர்கள். சொல்லுக்கு ஒரு முக்காலி. எல்லாருக்கும் பாட்டிலில் தண்ணீர் வைத்தார்கள், மண்ணில் ஈரம் பட்டால்தான் உயிர் வாழ்கிற அதற்கு ஒருத்தரும் ஒரு சொட்டுத் தரவில்லை. தலைமை விருந்தினர் அதன் தொன்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, தன் சிமெண்ட் ஏஜென்சியைப் பற்றிப் பேசி முடித்தார். ஒவ்வொருவரும் அதைத் தாய் என்றார்கள், தந்தை என்றார்கள், உயிர் என்றார்கள். பேசி முடித்ததும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கடைசியில் பொன்னுலிங்கம் எழுந்து, இதோ சான்று என்று அந்தக் கடைசி விரலைப் பிடித்தார். மாஷும் எழுந்து அதே விரலைப் பிடித்தார். இருவரும் இழுத்தார்கள். விரல் ஒடிந்தது, இரண்டாகப் பிளந்தும் போனது, ஆளுக்குப் பாதி கையில் வைத்துக்கொண்டு இருவருமே வெற்றி என்று உயர்த்திக் காட்டினார்கள். ஊர் கைதட்டியது. பிரியாணி வாசனை வந்துவிட்டதால் இன்னும் பலமாகத் தட்டியது. பின்வரிசையில் சாவியை மடியில் வைத்திருந்த செல்லபாயும், பக்கத்தில் இருந்தவள் தட்டுகிறாளே என்று, இரண்டு தட்டுத் தட்டினாள்.

நன்றியுரைக்கு வந்த மைத்துனர் மைக்கைப் பிடித்தார். "இன்று நாம் பெருமைப்படுத்திய இந்த..." என்றார். நின்றார். "இந்த..." என்றார் மறுபடியும். மைக் சரியில்லை என்று மைக்செட்காரனைத் திட்டினார்கள். அவன் மைக்கைத் தட்டிப் பார்த்து, நல்லாத்தானே இருக்கு என்றான். பொன்னுலிங்கம் எழுந்து தானே சொல்லப் பார்த்தார். வாய் திறந்தது, நாக்கு மேலே போனது, ஒன்றும் வரவில்லை. கூடம் முழுக்க உதடுகள் அசைந்தன. கைதட்டிய ஒருத்தர் வாயிலும் அந்தப் பெயர் இல்லை. ஒரு நிமிஷம் எல்லாருக்கும் பயமாக இருந்தது. பிறகு பிரியாணி திறந்தார்கள்.

முக்காலியின் அடியில், உதிர்ந்த ரோஜா இதழ்களோடு, ஒரு கட்டை கிடந்தது. எல்லா விரலும் போனபின் மிஞ்சிய நடுக்கட்டை. அதற்குப் பெயர் எதுவும் இல்லாததால் எந்த அறிஞரும் அதைக் கேட்கவில்லை. கூட்டுகிறவள் விளக்குமாற்றோடு வந்துகொண்டிருந்தாள். செல்லபாய் முட்டு வலியை மறந்து ஓடிப்போய் அதை எடுத்தாள். புரட்டிப் பார்த்தாள். ஒரு ஓரத்தில், அரிசி அளவுக்கு, வெளுப்பாக ஒரு முளைக்கண் இருந்தது. விரல் தின்கிறதற்கு, கண் நடுகிறதற்கு. இஞ்சி விற்கிற எவளுக்கும் தெரிந்த இந்த விஷயம் மேடையில் இருந்த பதினொரு பேருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒண்ணாம் நம்பர் கடையின் சாவியை முக்காலியின் மேல் வைத்தாள், கட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள், சாப்பிடாமல் வெளியே போனாள்.

நெடுவிளை பழகிக்கொண்டது. நெடுவிளை எதற்குத்தான் பழகவில்லை? சாயாக் கடைப் பலகையில் ஒரு இடத்தை வெள்ளையடித்து மறைத்தார்கள். "அது போட்ட சாயா ஒண்ணு" என்று கேட்டால் கிடைத்தது. சந்தையில் விரலைக் காட்டினார்கள். சமையலறையில் "அந்தக் காரம் கொஞ்சம் தட்டிப் போடு" என்றார்கள். கல்யாணச் சமையல் பட்டியலில் ஒரு கோடு போட்டு அளவு எழுதினார்கள். பெயர் இல்லாததைக் காதில் சொல்ல முடியாததால் வயிறு ஊதிய குழந்தைகள் விடிய விடிய அழுதன, அதற்கும் பழகிக்கொண்டார்கள். பொன்னுலிங்கத்தின் பாதி விரலைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பேரவை அலுவலகத்தில் காட்சிப்படுத்தினார்கள். காற்றும் ஈரமும் இல்லாமல் அது காய்ந்து சுக்காகிப்போனது. அவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. சுக்கு என்ற சொல்லின் பிறப்பிடம் பற்றி அடுத்த கூட்டம் போட்டு, பதிமூன்றாவது பொன்னாடை வாங்கினார்.

செல்லபாயின் மூலையில் நினைவுத்தூணுக்குக் குழி தோண்டி, தூணில் என்ன பெயர் பொறிப்பது என்று தெரியாமல், அப்படியே விட்டுவிட்டார்கள். அதில் தண்ணீர் தேங்கியது. அவள் பாலத்துக்கு அக்கரையில், பஸ் நிறுத்தத்தின் பின்னால், போகிறவர் வருகிறவர் புழுதியில் சாக்கை விரித்தாள். ஒரு பழைய மூட்டையில் மணலும் சாணிப்பொடியும் போட்டு, கட்டையைக் கண் மேல்பக்கமாக வைத்து நட்டு, பச்சைத் தழை மூடி, தினமும் கையால் நீர் தெளித்தாள். அவளுக்கும் பெயர் போயிருந்தது. தட்டிய இரண்டு தட்டை நினைத்து நினைத்துத் தன்னையே ஏசிக்கொண்டாள். அது பிழைக்குமா என்று தெரியாமல் கழிந்த அந்த நாற்பது நாளில் அவள் மற்றவர்கள் யாரையும் திட்டவில்லை என்பதை வைத்தே அவள் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ளலாம். நாற்பத்தோராம் நாள் தழையை விலக்கிக்கொண்டு முளை வந்தது. மூன்றாவது இலை விரிந்த காலையில் மூட்டைக்குள்ளிருந்து மழலையாக ஒரு குரல், "இஞ்சி" என்றது. அதற்கு யவனனும் தெரியாது, கப்பலும் தெரியாது, அவளையும் தெரியாது. அந்த ஒன்றுதான் தெரியும். செல்லபாய் அதைத் திருப்பிச் சொன்னாள். சொல்ல வந்தது. சத்தம்போட்டு அழுதாள்.

எட்டாவது மாசத்தில் ஒருநாள், பதினொரு மணி வெயிலில், பாலத்தைத் தாண்டி ஒரு ஆட்டோ வந்து நின்றது. பொன்னுலிங்கம் இறங்கினார். மருமகன் வீட்டு விருந்து மூன்று நாளாக வயிற்றில் கல்லாக உட்கார்ந்திருந்தது. கண்ணாடிப் பெட்டியில் இருந்ததைச் சுரண்டிக்கூடத் தின்று பார்த்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவளிடம் பெயரைத் திரும்பக் கற்றுக்கொண்டவர்களின் வரிசையில் நின்று, முறை வந்ததும் சாக்கைக் காட்டினார்.

"என்ன சாரே வேணும்?"

மறுபடியும் காட்டினார்.

"கை காட்டினா தாறதுக்கு நான் என்ன டிராபிக் போலீசா? பேரு சொல்லணும்."

வாயைத் திறந்தார். ஏப்பம்தான் வந்தது. வரிசையில் சிரித்தார்கள். இந்த நாளுக்காக எட்டு மாசமாக அவள் வசவுகளைச் சேர்த்து வைத்திருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து விட்டாள், ஒடித்த ஒவ்வொரு விரலுக்கும் ஒன்று. ஆட்டோக்காரன் இஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டான். பாதியிலேயே அவளுக்கு அலுத்துப்போனது. எதிரே நின்றது பேரவையும் இல்லை, முனைவரும் இல்லை, வயிறு வலிக்கிற ஒரு கிழவன்.

"தரையில இரிங்க."

உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. இ."

"இ" என்றார் பொன்னுலிங்கம்.

"இஞ்."

"இஞ்."

முழுதாகச் சொல்ல ஏழு தடவை ஆனது. சொன்னதும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. செல்லபாய்க்குத் தன் மேலேயே கோபம் வரும்படி மனசு இளகி, நல்ல சாறுள்ள துண்டாகப் பார்த்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் ஒரு துணுக்கைக் கடித்தார். நெஞ்சுக்குள் இறங்கியது, முகம் தெளிந்தது. தெளிந்த உடனேயே சட்டைப்பையிலிருந்து பேனாவும் ஒரு சின்ன நோட்டும் வெளியே வந்தன.

"செல்லபாய், இது எந்த மொழிச் சொல்லு?"

"வயிறு வலிக்கவனுக்க மொழி, சாரே. எழும்பி நவுருங்க, பின்னால ஆளு நிக்கு."